ஆரஞ்சுத் தோலின் உள்பக்கம்

வீட்டுக்குள் அடிக்கப் பெயின்ட் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "வெள்ளையா இருக்கணும், ஆனா வெள்ளையா இருக்கக் கூடாது." முப்பது வருஷமாக நான் அந்தக் கடையில் பிரஷ், உப்புத்தாள், பட்டி விற்கிற பக்கம் நிற்கிறேன். யாராவது இப்படிக் கேட்டால் பேசாமல் இடது பக்கம் கையைக் காட்டிவிடுவேன். அங்கே கலரக்கா இருப்பார்.

அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கலரக்காதான். முதலாளிக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது கூட. அவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

வெள்ளைக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரிந்து நான் பார்த்ததில்லை. ஷேட் கார்டில் பக்கம் பக்கமாக நாலு கட்டம் இருக்கும். என் கண்ணுக்கு நாலும் ஒன்றுதான். அவர் விரலை வைத்துச் சொல்வார். "இதுக்குள்ள நீலம் ஒளிஞ்சிருக்கு. வெயில் வராத ரூம்ல அடிச்சா ஆஸ்பத்திரி வராந்தா ஆயிடும். இதுல மஞ்சள் காவி கொஞ்சம் இருக்கு. இதோ இதுல சிவப்புக் காவியும் ஒரு துளி. இது உள்ள வந்து உக்காந்தவங்களை லேசுல எழுந்திரிக்க விடாது."

சொன்னதும் விற்றுவிட மாட்டார். ஜன்னல் எந்தப் பக்கம், எதிர்க் கட்டடச் சுவர் என்ன நிறம், வெளியே மரம் உண்டா, டியூப் லைட்டா மஞ்சள் பல்பா என்று டாக்டர் மாதிரி விசாரிப்பார். பிறகு சின்ன டப்பா ஒன்றில் கலந்து கொடுப்பார். "பெரிய அட்டையில அடிச்சுச் சுவத்துல சாய்ச்சு வைங்க. காலையில பாருங்க, மத்தியானம் பாருங்க, விளக்கு போட்டுப் பாருங்க. மூணு வேளையும் பிடிச்சிருந்தா வாங்க. சட்டையா இருந்தா கழட்டிப் போடலாம். சுவத்தைக் கழட்ட முடியாதுல்ல." ஒருத்தர் இப்படி ஐந்து தடவை வந்தார். ஐந்தாவது தடவை, "நீங்க ஆகமாட்டீங்க சார், வீட்டம்மாவை அனுப்புங்க" என்றார் கலரக்கா. அந்த அம்மா வந்து பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு போனார்.

கலரக்காவுக்கு உறவு என்று இருந்தது ஒரே ஒரு தங்கை. அம்மா சீக்கிரம் போய்விட்டார். அப்பா போனபோது இவருக்குப் பதினெட்டு, தங்கைக்கு ஒன்பது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவள் பள்ளிக்கூடச் சீருடையில் சாயங்காலம் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்போதிருந்து பார்க்கிறவன் என்பதால் எனக்கு அவள் 'அவள்'தான். மரியாதை கூட்டி எழுத வரவில்லை.

தங்கைக்கு வேண்டிய எல்லாவற்றையும் அக்காதான் முடிவு செய்வார். எந்தச் செருப்பு, எத்தனை மணிக்குத் தூக்கம், எந்தப் படிப்பு என்பது வரை. அவளுக்குப் படம் வரைகிற படிப்பில் ஆசை. "படத்தை ஞாயித்துக்கிழமை வரஞ்சுக்கோ" என்று சொல்லி அக்கா வேறு படிப்பில் சேர்த்தார். பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கிப் பராமரிக்கிற வேலை. கல்யாணமும் அப்படித்தான். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் ப்ரைமர் வாங்க எங்கள் கடைக்கு வருவார். அக்கா ஆறு மாதம் அவரைக் கவனித்தார். வரிசையில் நிற்கும்போது முந்துகிறாரா, மீதிச் சில்லறை அதிகமாக வந்தால் திருப்பிக் கொடுக்கிறாரா என்றெல்லாம். ஏழாவது மாதம் நேராகவே கேட்டுவிட்டார். மாப்பிள்ளை விஷயத்தில் அவர் கண் தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர்.

தனக்கென்று ஏன் ஒன்றும் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "எனக்கு ஷேட் சரியா அமையலடா" என்று சிரித்துவிட்டு டப்பாவைக் குலுக்கப் போய்விட்டார்.

தங்கைக்கு முப்பத்து மூன்று வயதானபோது அவளும் மெக்கானிக்கும் கடன் போட்டு ஒரு பழைய அடுக்குமாடியில் இரண்டாவது மாடி வீடு வாங்கினார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை. சாவி கைக்கு வந்த மறு சனிக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். கடையில் நிற்க இடமில்லை. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா முன்னால் போய்க் கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஆரஞ்சுத் தோல் ஒரு பெரிய துண்டு. அதை மல்லாத்தி வைத்தாள்.

"அக்கா, இந்தக் கலர் கிடைக்குமா? மேல் பக்கம் இல்ல, இந்த உள்பக்கம். வெள்ளையா இருக்கு, ஆனா பின்னாடி யாரோ விளக்கு வெச்ச மாதிரி இருக்குல்ல?"

அக்கா ஒரு நொடி பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. தோலை இரண்டு விரலால் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க இவளை. பழத்தைத் தின்னுட்டுத் தோலைக் கொண்டுவந்து நிக்கிறா. நாளைக்கு மீனைத் தின்னுட்டு முள்ளைக் கொண்டுவருவா."

கடையே சிரித்தது. அக்கா தோலை மேஜைக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார். "இது நாளைக்கே காஞ்சு கறுத்துடும்டி. இதைப் போய் ஒரு கலர்ங்கிற. உனக்கு எது நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, அந்த வருஷம் நாங்கள் எல்லோருக்கும் விற்றுக்கொண்டிருந்த மணல் நிறத்தை எழுதிக் கொடுத்தார். நல்ல நிறம்தான். நூறு வீட்டுக்குப் போயிருக்கும்.

"சரிக்கா. நீயே பாத்துக்கோ" என்றாள் தங்கை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஜன்னல் எந்தப் பக்கம் என்று அக்கா கேட்கவில்லை. சின்ன டப்பா கலந்து தரவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் அத்தனை கேள்வி கேட்கிறவர் அன்றைக்கு ஒன்று கூடக் கேட்கவில்லை. எனக்கு அது அப்போதே பட்டது. கூட்டத்தில் எதற்கு என்று இருந்துவிட்டேன். பெயின்டரை அனுப்பி நான்கே நாளில் வேலையை முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். கடை மூடியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தங்கை வீட்டுக்குப் போவார். சாப்பாடு அங்கேதான். திங்கட்கிழமை காலையில் என்னிடம் சொல்வார். "சுவரு இன்னும் அப்படியே இருக்குடா. விளக்கு வெளிச்சத்துல தகதகன்னு." ஒவ்வொரு தடவையும் சுவரைத் தடவிப் பார்த்து "எப்படி?" என்பாராம். தங்கை "நல்லா இருக்குக்கா" என்பாளாம். நடுவில் அவளுக்கு முதுகில் ஒரு ஆபரேஷன் நடந்து நாலு மாதம் படுக்கையில் இருந்தாள். அப்போது மட்டும் கடை விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில் அக்கா பகலிலும் போய் வந்தார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாப்பிள்ளைக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது என்று அக்கா சொன்னார். வீட்டை விற்கிறார்கள். சொல்லும்போது குரல் அவ்வளவு நன்றாக இல்லை. 

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் மெக்கானிக் கடைக்கு வந்தார். அக்கா பக்கம் போகாமல் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார். "அண்ணே, இருபது லிட்டர் சாதா வெள்ளை வேணும். அண்ணி சாப்பிடப் போயிருக்காங்களா?"

அண்ணி அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு மாப்பிள்ளை வெள்ளை? நான் குடுத்த கலரு நல்லாத்தானே இருக்கு? வாங்கறவங்க கேக்கறாங்களா?"

மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வராது. லிஃப்ட் நின்றுபோனால் ஏன் நின்றது என்று உள்ளதை உள்ளபடி சொல்லித் திட்டு வாங்குகிற ஆள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவங்க பகல்ல வந்து பாத்தாங்க அண்ணி. ரூம் இருட்டா, அழுக்கா தெரியுதுன்னு சொல்லிட்டாங்க."

"அழுக்காவா? நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்."

"நீங்க பகல்ல பாத்ததில்லையே."

"ஏன், அவ படுத்திருந்தப்ப வரலையா?"

அவர் என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "நீங்க வர்றீங்கன்னா திரையை இழுத்துவிட்டு லைட்டைப் போடச் சொல்லிடுவா அண்ணி. எதிர் வீட்லேருந்து பாக்கறாங்கன்னு உங்ககிட்ட சொல்லுவா."

அக்கா நேராக முதலாளியிடம் போய் அரை நாள் விடுப்பு கேட்டார். நான் பார்த்து அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெயின்ட் வாளியோடு நானும் கடை வேனில் கூடப் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றிருக்கும். சாமான்கள் பாதி மூட்டை கட்டியாகிவிட்டன. முன் அறையில் பீரோவைக் கூட நகர்த்திக் கதவருகே வைத்திருந்தார்கள். திரைகளைக் கழற்றிவிட்டதால் ஜன்னல் மொட்டையாக இருந்தது. அதற்கு வெளியே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, அடுத்த கட்டடத்தின் பூசாத சிமென்ட் சுவர். வானம் என்று ஒரு விரற்கடை மேலே தெரிந்தது.

அந்த வெளிச்சத்தில் மணல் நிறம் மணலாக இல்லை. நாளான கட்டுத்துணி மாதிரி, பச்சையும் சாம்பலும் கலந்து, பார்க்கிற நமக்கே உடம்பு சரியில்லையோ என்று தோன்றுகிற ஒரு நிறமாக இருந்தது. எனக்கே தெரிந்தது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும். அவர் அறை நடுவில் நின்று ஒவ்வொரு சுவராகத் திரும்பிப் பார்த்தார். "கறுப்பு மேல வந்துடுச்சு" என்றார். "இதுல ரெண்டு சொட்டு கறுப்பு உண்டு. வெயில் வந்தா தெரியாது. இங்க வெயிலே இல்ல."

பிறகு பீரோ இருந்த இடத்துக்குப் போனார். அங்கே இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மூன்று திட்டு வேறு நிறம் அடித்திருந்தது. மூன்றும் வெள்ளைக்குப் பக்கத்தில், மூன்றும் லேசாக வேறு. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் சின்ன எழுத்தில் 'காலை, மதியம், விளக்கு' என்று எழுதி டிக் போட்டிருந்தது. முதல் திட்டுக்கு ஒரு டிக். இரண்டாவதற்கு இரண்டு. மூன்றாவதற்கு மூன்றும். கோப்புகள் எழுதிப் பழகிய நேரான கையெழுத்து.

மூன்றாவது திட்டு அந்த இருட்டு மூலையிலும் இதமாக இருந்தது. பின்னால் விளக்கு வைத்த மாதிரி.

அக்கா குனிந்து அதையே பார்த்தார். "மஞ்சள் காவி, சிவப்புக் காவி அரைத் துளி. கறுப்பே இல்ல" என்று முணுமுணுத்தார். "இதை நான் கலக்கலையே."

"வேற கடையில வாங்கினேன்க்கா." தங்கை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் பாத்திரம் சுற்றுகிற செய்தித்தாள்.

"எப்ப அடிச்சே?"

"குடிவந்து ஆறு மாசம் இருக்கும்."

"மூணு வேளையும் பாத்திருக்கே."

"நீதானே எல்லாருக்கும் அப்படிச் சொல்லுவே."

"பிடிச்சிருந்துச்சுன்னா ரூம் முழுக்க அடிச்சிருக்கலாம்லடி."

"அடிச்சிருந்தா ஞாயித்துக்கிழமை நீ வருவியே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அந்த வீட்டுக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. வாளியை வைத்துவிட்டு வெளியே போகலாம் என்று பார்த்தால், வழியில் பீரோவை மறுபடி தள்ளிக்கொண்டு மெக்கானிக் நின்றிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தார் அக்கா.

"சொன்னேனேக்கா. தோலைக் கொண்டுவந்தேன்ல."

அக்காவுக்கு அது நினைவுக்கு வர ஒரு கணம் பிடித்தது. வந்தது முகத்தில் தெரிந்தது. எட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கேள்வி மெக்கானிக்கைப் பார்த்து வந்தது. "இந்த மாற்றல், அவங்களா குடுத்ததா மாப்பிள்ளை, நீங்க கேட்டு வாங்கினதா?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். பதில் அவள்தான் சொன்னாள்.

"கேட்டு வாங்கினதுதான்க்கா."

"என்னாலயா?"

"உன்னாலன்னு இல்ல." அவள் செய்தித்தாளைக் கீழே வைத்தாள். "நீ இல்லேன்னா நான் இல்ல. அது எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு நாப்பத்திரண்டு வயசாகுது. இதுவரைக்கும் நானா ஒண்ணு எடுத்து, அது தப்பாப் போச்சுன்னு வருத்தப்பட்டது கூட இல்லக்கா. உன் பக்கத்துல இருந்தா அது நடக்காது. நீ விடமாட்டே. நானும் உன்கிட்ட மாட்டேன்னு சொல்ல மாட்டேன்."

அக்கா தலையை ஆட்டினார். புரிந்தது என்று ஆட்டினாரா, போதும் என்று ஆட்டினாரா தெரியாது. சட்டென்று என் பக்கம் திரும்பி, "வேனை எடுத்துட்டுக் கடைக்குப் போயிட்டு வந்துடலாமா? இதே கலரைக் கலந்துட்டு வரேன். இன்னிக்கே அடிச்சுடலாம்" என்றார்.

"யாருக்குக்கா அடிக்கப் போறே?" என்றாள் தங்கை. "இனிமே இங்க வேற யாரோல்ல இருக்கப் போறாங்க."

திரும்பி வரும்போது வேனில் அக்கா முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சிக்னலில் நின்றபோது கேட்டார். "அன்னிக்குக் கடையில எத்தனை பேருடா இருந்தாங்க?"

எந்த நாளைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. "ஏழெட்டுப் பேர் இருக்கும்க்கா."

"நீயும் சிரிச்சியா?"

"சிரிச்சேன்க்கா."

அவர் திரும்பவில்லை. "அவளும் சிரிச்சா மாதிரிதான் எனக்கு ஞாபகம்" என்றார். தங்கை சிரித்தாளா என்று எனக்கு நினைவில்லை. கைக்குட்டையை நாலாக மடித்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

தங்கை ஊர் மாறிப் போன பிறகு கலரக்கா நிறம் சொல்வதை நிறுத்திவிட்டார். கேள்விகள் கேட்பார், சின்ன டப்பா கலந்து கொடுப்பார். "நீங்களே ஒண்ணு சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினால் மட்டும், "உங்க வீடு, நீங்க சொல்லுங்க" என்று காத்துக்கொண்டு நிற்பார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு அம்மா, "இவங்க பெரிய கை ராசின்னு சொன்னாங்க, வாயைத் திறக்க மாட்டேங்கறாங்களே" என்று முதலாளியிடம் புகார் சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டு அக்காவுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா என்று விசாரித்தார். நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

தங்கை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அங்கே மழையா என்கிற பேச்சுத்தான். ஒரு தடவை அக்கா பொறுக்க முடியாமல் புது வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்டிருக்கிறார். "வந்து பாரேன்" என்றாளாம்.

போன மாதம் போய் வந்தார். ஒரு நாள் முழுக்க ரயில். மூன்று நாள் இருப்பதாகச் சொல்லிப் போனவர் மூன்று நாளும் இருந்துவிட்டுத்தான் வந்தார், அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் கடையில் கூட்டம் குறைந்ததும் அவராகவே சொன்னார்.

"பகல்லதான் போய் இறங்கினேன். நிறைய ஜன்னல். வெயில் கொட்டுது. சுவத்துக்கு ஒரு பச்சை அடிச்சிருக்கா. வெளிர்ப் பச்சை."

"நல்லா இருக்கா?"

"இல்ல. வெயில்ல கண்ணு கூசுது. ஒரு ஷேட் கம்மியா எடுத்திருக்கணும், அதுல கொஞ்சம் மஞ்சள் காவி சேத்திருக்கணும். அவளுக்கும் அது தெரிஞ்சிருக்கு. வாசல்ல நிக்க வெச்சு என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னேன்." அவர் டப்பா மூடியைத் திறக்கிற தகட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். "அவ நம்பலடா. சும்மா சொல்றேன்னு தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. 'பரவால்லக்கா, தப்பாத்தான் எடுத்துட்டேன், அடுத்த வருஷம் மாத்திக்கறேன்'னு சிரிச்சா. ஒம்பது வருஷம் அவ நல்லா இருக்குன்னு சொன்னதை நான் மட்டும் எப்படி நம்பினேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அவ மூஞ்சியை நான் பாக்கவே இல்லையோ என்னமோ. சுவத்தைத்தான் பாத்திருக்கேன்."

என்ன நிறத்துக்கு மாற்றப் போகிறாள் என்று கேட்டேன். அதை அவள் சொல்லவில்லை என்றார். இவரும் கேட்கவில்லையாம். கிளம்புகிற நாளில் ரயிலடிக்கு வந்தவள் தண்ணீர் பாட்டில், பழம், படிக்க ஒரு வாரப் பத்திரிகை எல்லாம் வாங்கிக் கொடுத்து, வண்டி நகர்கிற வரை ஜன்னலோரம் நின்றிருக்கிறாள். எந்த நிறம் அடிக்கலாம் என்று அவளாகக் கேட்பாள் என்று இவர் காத்திருந்திருக்கிறார். அவள் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று மட்டும் சொன்னாளாம்.